பழைய டீசல் பிக்கப்பில் ஆர்பிஎம் மீட்டர் வைத்த அனுபவம்

என்னுடையது 2009 மாடல் பொலேரோ பிக்கப். முக்கால்வாசி நாள் ஆத்தங்குடி டைல்ஸ் லோடு, மீதி நாட்களில் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவிலிருந்து பழைய வீட்டுத் தூண், நிலைக்கதவு, உத்தரம் என்று எது கிடைக்கிறதோ அது. மீட்டர் போர்டில் ஸ்பீடு, டீசல், டெம்பரேச்சர் மூன்றுதான். இன்ஜின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று சொல்ல எந்த முள்ளும் கிடையாது, வேண்டும் என்று எனக்கு இத்தனை வருடத்தில் தோன்றியதும் இல்லை. எனக்கு வண்டி பழக்கிவிட்டவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான், சத்தத்தைக் கேட்டு கியர் போடு. அப்படியே ஓட்டினேன்.

இரண்டு காரணத்தால் அது போதவில்லை. வலது காதில் எனக்குக் கேட்கும் திறன் குறைந்துவிட்டது. டாக்டர் பரிசோதித்துப் பார்த்துவிட்டு, கனத்த சத்தங்கள் கேட்கும், மெல்லிய வித்தியாசங்கள் பிடிபடாது என்றார். இன்ஜின் ஓடுவது கேட்கிறது, ஆனால் 1,200 சுற்றில் திணறுகிறதா 1,600-இல் நிம்மதியாக இழுக்கிறதா என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. ஆறே மாதத்தில் இரண்டு முறை கிளட்ச் பிளேட் வாடை வந்த பிறகுதான் இதை நானே ஒப்புக்கொண்டேன். இன்னொரு காரணம் அக்கா மகன். பையன் லைசென்ஸ் எடுத்து என்னோடு வண்டிக்கு வருகிறான், எதிர்காலத்தில் ஓட்டப்போகிறவன் அவன்தான். என் காதில் இருப்பதை அவன் காதுக்கு எப்படி மாற்றுவது? "இப்ப மாத்துடா, இப்ப மாத்துடா" என்று பக்கத்தில் உட்கார்ந்து கத்துவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை, அதிலும் நான் சொல்வதே சரியா என்ற சந்தேகம் வந்துவிட்டது.

சரி, ஒரு ஆர்பிஎம் மீட்டர் வாங்கி மாட்டிவிடலாம், என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். ஆன்லைனில் 1,400 ரூபாய்க்கு ஒன்று வந்தது. சிவப்பு, கருப்பு, பச்சை மூன்று ஒயர், விளக்குக்கு ஒரு வெள்ளை ஒயர், பின்னால் 4, 6, 8 சிலிண்டர் என்று தேர்ந்தெடுக்க ஒரு சுவிட்ச். நம் வண்டி நாலு சிலிண்டர், 4-இல் வைத்தால் முடிந்தது. சிவப்பு சாவிக்குப் பிறகு வரும் கரண்டுக்கு, கருப்பு எர்த்துக்கு. பச்சை எங்கே போகும் என்று பார்த்தால் தாளில் "இக்னிஷன் காயில் நெகட்டிவ்" என்று இருக்கிறது. என் வண்டியில் காயிலே கிடையாது. டீசல் அது.

டீசல் வண்டி வைத்திருக்கிறவர்கள் இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள், என் 1,400 ரூபாய் போனது இதில்தான். பெட்ரோல் வண்டியில் பிளக்கில் பொறி வர வேண்டும், அதற்குக் காயில் ஒவ்வொரு முறையும் கரண்டை விட்டு விட்டு அனுப்பும். நாலு சிலிண்டர் நாலு ஸ்ட்ரோக் இன்ஜினில் ஒரு சுற்றுக்கு இரண்டு பொறி. அந்தத் துடிப்பை எண்ணித்தான் பெட்ரோல் ஆர்பிஎம் மீட்டர் வேலை செய்கிறது. டீசலில் காற்றை அழுத்திச் சூடாக்கி அதில் டீசலைப் பீய்ச்சினால் தானே பற்றிக்கொள்கிறது, பொறியும் இல்லை, எண்ணுவதற்குத் துடிப்பும் இல்லை. புதிய காமன் ரெயில் டீசல் வண்டிகளில் சென்சாரும் இசியூ என்கிற கம்ப்யூட்டரும் இருப்பதால் அதிலிருந்து எடுக்கலாம். என்னுடையது அதற்கு முந்தைய டிஐ இன்ஜின், 2523 சிசி, எல்லாம் மெக்கானிக்கல் பம்ப்.

அப்புறம் தெரிந்த ஒரு கடையில் கொண்டுபோய்க் காட்டினேன். அவர் டீசல் பம்பில் இருக்கும் ஒற்றை ஒயரைப் பிடித்து அதிலே கொடுத்துவிட்டார். முள் அசையவே இல்லை. அசையாது, ஏனென்றால் அது சாவியை அணைத்ததும் டீசலை நிறுத்துகிற சோலினாய்டுக்குப் போகிற ஒயர். சாவி போட்டிருக்கும் வரை 12 வோல்ட் ஒரே சீராக நிற்கும், அதில் துடிப்பு எங்கிருந்து வரும். ஒரு நாள் லோடு போனதுதான் மிச்சம்.

செக்காலை ரோட்டுப் பக்கம் வயதான ஒரு ஆட்டோ எலக்ட்ரீசியன் இருக்கிறார். இன்ஜினோடு பெல்ட்டில் சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்கிற ஆல்டர்னேட்டரை இன்னமும் டைனமோ என்றுதான் சொல்வார், செட்டிமார் வீடுகளில் நின்றிருந்த பழைய கார்களுக்கெல்லாம் வேலை பார்த்தவர். அவரிடம் மீட்டரைக் கொடுத்ததும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "மீட்டர வாங்கிட்டு சிக்னலத் தேடக் கூடாது அப்பு, சிக்னல் எங்கருக்குன்னு பாத்துட்டு மீட்டர் வாங்கணும்" என்றார். பெஞ்சுக்கு அடியில் கிடந்த, ஆல்டர்னேட்டருக்குள் சுற்றுகிற ஒரு பழைய ரோட்டரை எடுத்து என் கையில் வைத்தார். நல்ல கனம். இரண்டு கையையும் எதிரெதிராக வைத்து விரலை விரலுக்கு நடுவில் கோத்தால் எப்படி இருக்கும், அது மாதிரி இரும்பு விரல்கள், இந்தப் பக்கம் 6, அந்தப் பக்கம் 6. எண்ணச் சொன்னார், எண்ணினேன். ஒரு பக்கம் வடதுருவம், மறுபக்கம் தென்துருவம். ரோட்டர் ஒரு சுற்று சுற்றினால் சுற்றியிருக்கும் காயிலில் கரண்டு 6 முறை ஏறி இறங்கும். அந்தக் கரண்டு டயோடு வழியாகப் போய்த்தான் நேர் கரண்டாகி பேட்டரிக்கு வருகிறது. டயோடுக்குப் போவதற்கு முன்னாலேயே, அந்தக் காயிலின் மூன்று பிரிவில் (பேஸ் என்பார்கள்) ஏதோ ஒன்றிலிருந்து ஒரு ஒயரை வெளியே இழுத்தால் அதில் துடிப்பு அப்படியே கிடைக்கும். அந்த இடத்துக்குப் பெயர் டபிள்யூ டெர்மினல். நிறைய டீசல் வண்டிகளின் ஆல்டர்னேட்டரில் பின்னால் W என்று எழுதி ஒரு போல்ட்டோ பின்னோ இருக்கும், ஜெனரேட்டர், டிராக்டரிலும் பார்க்கலாம். என்னுடையதில் பின்மூடியில் அதற்கான ஓட்டை மட்டும் இருந்தது, உள்ளே ஒன்றுமில்லை.

பெட்ரோல் மீட்டரை இதில் கொடுத்தால் என்ன ஆகும் என்றும் கேட்டேன். ஒரு இன்ஜின் சுற்றுக்கு இரண்டு துடிப்பு வரும் என்று எதிர்பார்க்கிற மீட்டருக்கு இதில் பதிமூன்று, பதினான்கு வரும், வண்டி சும்மா நின்று ஓடும் ஐடிலிங்கிலேயே முள் 5,000-க்கு மேல் போய் நிற்கும். அதனால் டபிள்யூ டெர்மினலுக்கென்று வருகிற டீசல் மீட்டர், ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்பதை நாமே மாற்றி வைத்துக்கொள்ளும் வசதி உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டும். இந்த முறை 80 மில்லிமீட்டர் அகலத்தில், 4,000 வரை எண் போட்டது வாங்கினேன். 8,000 வரை எண் போட்ட மீட்டர் டீசலுக்கு வேண்டாம். நம் இன்ஜின் 3,200-இல் உச்ச சக்தி கொடுத்து முடித்துவிடும், மீதிப் பாதி முகப்பு சும்மா கிடக்கும், நமக்கு வேண்டிய 1,200-க்கும் 1,800-க்கும் நடுவில் ஒரு விரல்கடை இடம்கூட இருக்காது.

மாட்டுகிற வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமை. பேட்டரியின் நெகட்டிவ் ஒயரை முதலில் கழற்றினார். இதைச் சாதாரணமாக எடுக்காதீர்கள். ஆல்டர்னேட்டரின் தடித்த ஒயர் நேராக பேட்டரி பாசிட்டிவுக்குப் போகிறது, நடுவில் சாவி கிடையாது. ஸ்பேனர் அதில் ஒரு முனையும் பாடியில் ஒரு முனையும் பட்டால் வெல்டிங் அடித்தது மாதிரி பொறி பறக்கும், கையில் மோதிரம் இருந்தால் விரலோடு வெந்துவிடும். என் மோதிரத்தைக் கழற்றச் சொல்லிப் பையில் போட வைத்துவிட்டுத்தான் வேலையைத் தொடங்கினார்.

ஆல்டர்னேட்டரை இறக்கிப் பின்மூடியைத் திறந்தால், ரோட்டரைச் சுற்றியிருக்கும் காயிலான ஸ்டேட்டரிலிருந்து மூன்று தடித்த செப்புக் கம்பிகள் டயோடு பிளேட்டுக்கு வந்து பற்றவைத்திருக்கின்றன. மூன்றில் எது வேண்டுமானாலும் சரி, எந்த வித்தியாசமும் இல்லை. கம்பி மேல் வார்னிஷ் இருக்கும், அதைப் பிளேடால் செம்பு மின்னும் வரை சுரண்ட வேண்டும், இல்லாவிட்டால் ஈயம் உருண்டையாக உட்காரும், ஆனால் ஒட்டாது. சூடு தாங்குகிற ஒயரை அதில் பற்றவைத்து, மேலே கண்ணாடி நார் ஸ்லீவ் ஏற்றி, காலியாக இருந்த W ஓட்டை வழியாக வெளியே எடுத்தார். வெளியே வந்த கையோடு ஒரு சின்ன பியூஸ். பியூஸ் ஆல்டர்னேட்டருக்குப் பக்கத்திலேயே இருக்க வேண்டும், மீட்டர் பக்கம் வைத்துப் பிரயோசனம் இல்லை. வழியில் எங்காவது இந்த ஒயர் உரசி பாடியில் தொட்டால் ஸ்டேட்டரின் ஒரு பேஸ் நேராக எர்த் ஆகி டயோடு போய்விடும், அப்போது சார்ஜிங்கே இருக்காது. மீட்டருக்கு ஆசைப்பட்டு பேட்டரி இறங்கி நடுரோட்டில் நிற்க நேரும்.

ஒயர் கேபினுக்குள் வரும் வழி முக்கியம். சைலன்சர் மேனிபோல்டு பக்கம் போகாமல், ஏற்கெனவே கட்டி வைத்திருக்கும் ஒயர் கட்டோடு சேர்த்துக் கட்டி, தகட்டில் ஓட்டை போட்ட இடத்தில் ரப்பர் வளையம் போட்டுத்தான் உள்ளே விட வேண்டும். ரப்பர் இல்லாமல் விட்டால் நம் ஊர்ச் செம்மண் ரோட்டு அதிர்வில் ஒரே வருடத்தில் தகடு ஒயரை அறுத்துவிடும். மீட்டருக்கு பாசிட்டிவ் சாவி போட்ட பிறகு வருகிற ஒயரில், அதற்கும் தனியாக ஒரு பியூஸ். விளக்கு ஒயரைப் பார்க்கிங் லைட்டோடு சேர்த்தால் ராத்திரி மற்ற மீட்டரோடு சேர்ந்து எரியும். எர்த் மட்டும் பாடியில் பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முறுக்கினது. டேஷ்போர்டு ஸ்குருவில் சும்மா சுற்றிவிட்டால் முள் ஆட்டம் போடும்.

இதோடு முடியவில்லை. மீட்டருக்கு ஒரு சுற்றுக்கு எத்தனை துடிப்பு என்று சொல்லிக்கொடுக்க வேண்டும், இதில்தான் பலரும் குத்துமதிப்பாக விட்டுவிடுகிறார்கள். ஐடிலிங் 800 இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டு முள்ளை 800-க்குத் திருகிவிட்டுப் போய்விடுவார்கள். ஐடிலிங் உண்மையில் 700 ஆக இருந்தால்? 2,000 காட்டும்போது உண்மையில் 1,750. அப்படி ஒரு மீட்டருக்கு என் பாதிக் காதே தேவலை.

என் மகள் அழகப்பா செட்டியார் அரசு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் படிக்கிறாள். அவளைக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். அவள் ஒரு கணக்குப் போட்டாள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றும் கிராங்க் புல்லி அகலம் 152 மில்லிமீட்டர், ஆல்டர்னேட்டர் புல்லி 67 மில்லிமீட்டர். இன்ஜின் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் 152-ஐ 67-ஆல் வகுத்த அளவு, அதாவது 2.27 சுற்று சுற்றும். ஒவ்வொரு ஆல்டர்னேட்டர் சுற்றுக்கும் 6 துடிப்பு. ஆக 13.6. பெரியவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "கணக்கு சரி பாப்பா, ஆனா பெல்ட்டு புல்லியோட விளிம்புல ஓடல, கொஞ்சம் உள்ள எறங்கி ஓடுது. அளந்தும் பாத்துருவோம்" என்றார்.

அளப்பதற்கு அவரிடம் கையில் பிடிக்கிற லேசர் ஆர்பிஎம் மீட்டர் இருந்தது. கிராங்க் புல்லியில் ஒரு இடத்தைத் துணியால் துடைத்து, கிரீஸ் போக பெட்ரோல் தொட்டுத் துடைத்து, பளபளக்கும் ஸ்டிக்கர் ஒரு துண்டு ஒட்டினார். வண்டியை ஸ்டார்ட் செய்து ஒரு சாண் தூரத்திலிருந்து சிவப்புப் புள்ளியை அதில் விழவிட்டால் எண் வருகிறது. இந்த நேரத்தில் கழுத்தில் துண்டு, தொங்கும் சட்டைக் கை, மகளுக்கு துப்பட்டா எதுவும் கூடாது, ஃபேன் பக்கத்திலேயே சுற்றுகிறது. அவள் துப்பட்டாவைக் கழற்றிக் கேபினுக்குள் போட்டுவிட்டு மல்டிமீட்டரைப் பிடித்துக்கொண்டாள். அதில் ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு எத்தனை துடிப்பு என்று அளக்கும் இடம் இருக்கும், ஒரு முனை டபிள்யூ ஒயரில், இன்னொரு முனை எர்த்தில். ஐடிலிங்கில் லேசர் 780 என்றது, மல்டிமீட்டர் 177 என்றது. 177-ஐ 60-ஆல் பெருக்கி 780-ஆல் வகுத்தால் 13.6. அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே. பெரியவர் ஒன்றும் பேசாமல் அவள் தலையில் கை வைத்துவிட்டு மீட்டரின் பின்பக்க ரப்பர் மூடியைக் கழற்றி, உள்ளேயிருந்த சின்னத் திருகை அவளிடமே திருகக் கொடுத்தார். நான் ஆக்சிலேட்டரை மிதித்து 2,000-இல் பிடித்திருக்க, அவள் முள்ளை 2,000-க்குக் கொண்டுவந்தாள். அப்புறம் 1,500-இலும் 2,500-இலும் சரிபார்த்தோம், ஐடிலிங்கில் மட்டும் முள் அகலத்துக்கு ஏற்றிக் காட்டியது. ஐடிலிங்கில் வைத்துத் திருகாமல் வேலை நடக்கும் வேகத்தில் வைத்துத் திருகுங்கள், பிழை இருந்தாலும் நமக்குத் தேவையில்லாத இடத்துக்குப் போகட்டும்.

மீட்டர் 2,600, வேலைக்கு 700 வாங்கினார். மகள் வேலை செய்ததற்கு 100 ரூபாய் கழித்துவிட்டதாகச் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மனைவியின் நெயில் பாலிஷ் இரண்டு வாங்கி, மீட்டர் கண்ணாடி விளிம்பில் 1,500 முதல் 2,200 வரை பச்சைக் கோடு, 3,200-இல் சிவப்புக் கோடு போட்டேன். இந்த எண்கள் என் வண்டிக்கு, என் லோடுக்கு. உங்கள் வண்டியின் புத்தகத்தில் உச்ச டார்க் (முறுக்கு விசை) எந்தச் சுற்றில், உச்ச சக்தி எந்தச் சுற்றில் என்று போட்டிருக்கும், அவை இரண்டையும் பார்த்து நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். ஓட்டும்போது எண்ணைப் படிக்க நேரம் கிடையாது, பச்சையில் இருக்கிறதா என்று கடைக்கண்ணில் தெரிந்தால் போதும்.

அடுத்த வாரமே கொடைக்கானலுக்கு டைல்ஸ் லோடு வந்தது. யாரோ மலையில் வீடு கட்டுகிறார்கள், கூடத்துக்கு ஆத்தங்குடிப் பூ டைல்ஸ்தான் வேண்டும் என்று. வைக்கோல் வைத்து அடுக்கி, திருப்பத்தூர், சிங்கம்புணரி, கொட்டாம்பட்டி, நத்தம், திண்டுக்கல் வழியாக வத்தலக்குண்டு போய்ச் சேர்ந்தோம். அதுவரை சமவெளி, டாப் கியரில் 60 கிலோமீட்டர் வேகத்துக்கு முள் 1,750 பக்கத்தில் நின்றது. மலை ஏறத் தொடங்கியதும்தான் எத்தனை வருடம் என்ன செய்திருக்கிறேன் என்று தெரிந்தது. டம்டம் பாறைக்குப் போகும் ஏற்றத்தில் மூன்றாவது கியரில் 25 கிலோமீட்டர் வேகம், என் காதுக்கு இன்ஜின் நன்றாகத்தான் இழுக்கிறது. முள்ளைப் பார்த்தால் 1,200. ஆக்சிலேட்டர் முக்கால்வாசி அமுங்கியிருக்கிறது, கண்ணாடியில் பின்னால் கரும்புகை. இரண்டாவதுக்கு மாற்றினேன், அதே 25 கிலோமீட்டரில் முள் 1,900-க்கு ஏறியது, கால் தானாக மேலே வந்தது, புகை நின்றது. முன்பெல்லாம் பெருமாள்மலைக்கு முன்னால் டெம்பரேச்சர் முள் மேலே ஏறுவதால் ஒரு இடத்தில் நிறுத்தி ஆற விடுவேன். அன்றைக்கு ஏறவே இல்லை. யோசித்தால் நியாயம்தான், இன்ஜின் மெதுவாகச் சுற்றினால் வாட்டர் பம்பும் ஃபேனும் மெதுவாகத்தானே சுற்றும், நாமோ டீசலை மட்டும் அதிகமாகக் கொட்டுகிறோம். குறைந்த சுற்றில் போட்டு அமுக்கும்போது அந்த அடி முழுவதும் பிஸ்டனிலும் பேரிங்கிலும் கிளட்சிலும் விழுகிறது. சத்தம் குறைவாக இருந்தால் இன்ஜினுக்குச் சிரமம் குறைவு என்று நான் நினைத்திருந்தது முழுத் தவறு.

இறங்கும்போது இன்னொன்று. பாதி லோடு இறக்கிவிட்டுப் பழைய தேக்குச் சாமான் கொஞ்சம் ஏற்றி வந்தோம். இரண்டாவது கியரில் இன்ஜின் பிரேக்கில் இறங்குவது வழக்கம், அதுதான் சரியும்கூட, பிரேக்கை மட்டும் நம்பினால் சூடேறிப் பிடிக்காமல் போய்விடும். ஒரு நேர் இறக்கத்தில் வேகம் 45-ஐத் தொட்டது, முள் சிவப்புக் கோட்டைத் தாண்டி 3,500. டீசல் பம்பில் சுற்றைக் கட்டுப்படுத்தும் கவர்னர் இருக்கிறதே, 3,200-க்கு மேல் விடாது என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன். கவர்னர் டீசலைத்தான் குறைக்கும். இறக்கத்தில் இன்ஜினைச் சுற்றுவது டீசல் இல்லை, சக்கரம். மலை தள்ளுகிறது, சக்கரம் கியர் பாக்ஸைச் சுற்றுகிறது, அது இன்ஜினைச் சுற்றுகிறது. கால் ஆக்சிலேட்டரில் இல்லாவிட்டாலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஏறும், அளவு மீறினால் வால்வும் புஷ் ராடும் தாங்காது. பிரேக்கை ஒரு முறை அழுத்தமாகப் பிடித்து 3,000-க்குக் கீழே கொண்டுவந்து விட்டுவிட்டு, மறுபடி ஏறினால் மறுபடி ஒரு அழுத்து, இப்படித்தான் இப்போது இறங்குகிறோம். காலைப் பிரேக்கிலேயே வைத்துத் தேய்ப்பதில்லை.

மீட்டர் வேறு ஒரு உபகாரமும் செய்தது, இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. ஐப்பசி மழையில் திருமயம் தாண்டிப் புதுக்கோட்டை போகும்போது ஹெட்லைட், வைப்பர், ஃபேன் எல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. டாப் கியர், 60 வேகம், 1,750 இருக்க வேண்டிய முள் நடுங்கி நடுங்கி 1,500-க்கு இறங்கியது. வேகம் மாறவில்லை, கியர் மாறவில்லை, பின் எப்படிச் சுற்று குறையும்? ஓரம் கட்டி பானெட்டைத் திறந்து பெல்ட்டைக் கட்டைவிரலால் அமுக்கினால் ஒரு அங்குலத்துக்கு மேல் உள்ளே போகிறது. பெல்ட் வழுக்கியிருக்கிறது. மீட்டர் ஆல்டர்னேட்டரின் சுற்றைத்தான் எண்ணுகிறது, இன்ஜினை நேராகப் பார்க்கவில்லை, அதனால் பெல்ட் வழுக்கினால் முள் குறைத்துக் காட்டும். என் வண்டியில் அதே பெல்ட்தான் வாட்டர் பம்பையும் சுற்றுகிறது. அங்கேயே டென்ஷன் ஏற்றிக்கொண்டு கிளம்பினோம். ஒரு வாரம் கழித்து வேறு வழியில் தெரிந்திருந்தால் கொதித்த ரேடியேட்டரோடுதான் தெரிந்திருக்கும்.

இதோடு சேர்ந்த சில விஷயங்கள். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் சில நேரம் சுழியத்திலேயே படுத்திருக்கும், ஒரு முறை ரேஸ் கொடுத்ததும் எழுந்துவிடும், ஆல்டர்னேட்டர் சார்ஜ் பிடிக்கும் வரை டபிள்யூவில் துடிப்பு வராது, பயப்பட வேண்டாம். ஆனால் ஓடிக்கொண்டிருக்கும்போது முள் விழுந்துவிட்டால் முதலில் சார்ஜ் லைட்டைப் பாருங்கள். ஆல்டர்னேட்டர் மாற்றினாலோ புல்லி மாற்றினாலோ பழைய அமைப்பு செல்லாது, மறுபடி அளந்து திருக வேண்டும். எனக்கு இரண்டு மாதத்தில் ஒரு நாள் முள் வெட்டி வெட்டி ஆடியது. பார்த்தால் ஆல்டர்னேட்டருக்கு வெளியே பியூஸ் பக்கம் நான் ஆசைப்பட்டுக் கூடுதலாக ஈயம் வைத்த இடத்தில் ஒயர் முறிந்திருந்தது. ஈயம் ஊறிய இடத்தில் இழைகள் எல்லாம் ஒரே கம்பியாக விறைத்துவிடும், விறைப்பு முடிந்து ஒயர் வளையத் தொடங்குகிற இடத்தில் அதிர்வில் அறுந்துவிடும். பெரியவர் அதை வெட்டிவிட்டு, ஒயர் முனையைக் கவ்விப் பிடிக்கும் திம்பிள் வைத்து அழுத்தி, ஒயர் ஆடாமல் பக்கத்திலேயே கிளிப் போட்டுக் கட்டினார், அதன் பிறகு தொந்தரவு இல்லை. உள்ளே ஈயம் வைத்த இடமும் ஆடாதபடி நூலால் கட்டித்தான் இருந்தது, அதைக் கவனிக்காமல் விட்டது என் தவறு.

ஆல்டர்னேட்டரைத் திறக்க விருப்பமில்லை என்றால் வேறு வழியும் இருக்கிறது. பிளைவீல் பல்லுக்கு நேராகக் காந்த சென்சார் வைத்துப் பல்லை எண்ணுகிற முறை, பெரிய ஜெனரேட்டரில் அப்படித்தான். அது இன்ஜினை நேராகவே எண்ணும், பெல்ட் கணக்கில் வராது, துல்லியம் அதிகம். ஆனால் பிளைவீலை மூடியிருக்கும் பெல் ஹவுசிங்கில் துளை போட்டு மரை எடுக்க வேண்டும், துளை இடம் தவறினால் திருத்த முடியாது. நம் வேலைக்கு டபிள்யூ ஒயர் போதும் என்பது என் முடிவு. எட்டு வருடம் தாண்டிய வண்டி என்பதால் வருடா வருடம் எஃப்சிக்குப் போக வேண்டியிருக்கிறது, போன முறை ஒயரிங் சுத்தமாக இருந்ததால் மீட்டரைப் பற்றி யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா மகன் விஷயத்துக்கு வருகிறேன். முதல் மாதம் அவன் முள்ளைப் பார்த்தே கியர் மாற்றினான், நானும் பேசாமல் விட்டேன். கத்த வேண்டிய அவசியம் இல்லாமல் போனதே பெரிய நிம்மதி, வண்டிக்குள் நாங்கள் வேறு விஷயங்கள் பேசத் தொடங்கினோம். ஆனால் ரோட்டில் மாடு குறுக்கே வரும்போது கண் முள்ளில் இருக்கக் கூடாது அல்லவா. அதனால் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். கானாடுகாத்தானிலிருந்து காரைக்குடி வரும் வழியில் ரோடு காலியாக இருந்தால் நான் துண்டை எடுத்து மீட்டர் மேல் போட்டுவிடுவேன். அவன் ஓட்டிக்கொண்டே காதைத் தீட்டிக்கொள்வான். போன வெள்ளிக்கிழமை பின்னால் முழு லோடு, பள்ளத்தூர் கடந்து நாலாவது கியரில் வந்துகொண்டிருந்தோம்.

"இப்ப எவ்வளவுடா?" என்றேன்.

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. தலையை ஒரு பக்கம் சாய்த்துக் கேட்டான், நான் அந்த வயதில் அப்படித்தான் கேட்பேன்.

"ஆயிரத்தி எண்ணூறு இருக்கும் மாமா."

துண்டை எடுத்தேன். முள் 1,850-இல் நின்றது.